சேர்ந்து இறங்கிய கல்

செய்தி வந்த நேரத்தில் நான் அம்மன்பேட்டைப் பக்கம் ஒரு வரப்புத் தகராறில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் என் அளவுச் சங்கிலி. கைப்பேசியில் செல்வராசுவின் பெயர் வந்தது.

“சார்… அக்கா போயிடுச்சு.”

“எப்ப?”

“ஒம்போது மணி இருக்கும். முழிச்சுத்தான் இருந்துச்சு. தண்ணி கேட்டுச்சு. எடுத்தாறதுக்குள்ள…” பிறகு அதே குரலில், “கொள்ளிடத்துல தண்ணி ஏறுதுன்னு சொல்றாங்க சார். நீங்க கொஞ்சம் வந்து பாருங்க,” என்றார்.

அக்காவின் சாவையும் ஆற்று நீரின் ஏற்றத்தையும் ஒருவர் அடுத்தடுத்துச் சொன்னது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. முனைவர் தில்லைநாயகியைத் தெரிந்த, இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களுக்கும் தோன்றாது. பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியவர்கள் அவரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் நில அளவைத் துறையில் சர்வேயர். அவருடைய விஞ்ஞானத்தில் எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் அவர் சொன்ன ஒன்றைப் பொய்யாக்கி அரசாங்கத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் எழுத வேண்டிய கடமை மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஜமாபந்தி என்கிற வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பு முடிந்து அலுவலகம் அயர்ந்து கிடந்த ஒரு மத்தியானத்தில், பருத்திப் புடவையும் தோளில் ஒரு ஜோல்னாப் பையுமாக வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கொள்ளிடத்தின் தென்கரையில் மட்டக்கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் வேண்டும் என்றார். மட்டக்கல் என்பது அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டு நட்டுவைத்த கல். சுற்றுவட்டாரத்தில் எதைக் கட்டினாலும் அந்தக் கல்லிலிருந்துதான் உயரம் எடுப்போம். பட்டியலைத் தேடிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“கல்லெல்லாம் இருந்த எடத்துல இருக்கா சார்?”

“கல்லு எங்கங்க போகும்? யாராவது புடுங்கிப் போட்டாத்தான் உண்டு.”

“பக்கவாட்டுல போகாது. கீழ போகும்.”

நான் சிரித்தேன். மரியாதைக்காக அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் யார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொள்ளிடக் கரைக்குக் கீழே இருக்கிற படுகை என்ற குடியிருப்பில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ஊர்ப் பண்ணைக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வெள்ளக் காலத்தில் அப்பாவுக்குக் கரைக்காவல் வேலையும் உண்டு. மண்வெட்டியும் சாக்குமாகக் கரையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து படித்து மேலே போய், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தார். செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கலத்தின் ரேடார் அனுப்புவதைப் படிப்பதுதான் அவர் வேலை. கிரகத்தின் மேற்பரப்பை அல்ல, அதற்குக் கீழே இருப்பதை.

அதை அவர் எனக்கு விளக்கியது கரந்தையில் ஒரு டீக்கடையில். “மேலேருந்து ரேடியோ அலைய அனுப்புறோம் சார். தரையில பட்டதும் ஒரு பங்கு உடனே திரும்பிடும். இன்னொரு பங்கு உள்ள போகும். உள்ள பாறையோ மண்ணோ தண்ணியோ வேற ஒண்ணு தட்டுச்சுன்னா, அங்கேருந்து திரும்பும். அது கொஞ்சம் லேட்டா வரும். எவ்வளவு லேட்டோ அவ்வளவு ஆழம்.” டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “கீழ இருக்கறது எப்பவும் லேட்டாத்தான் பதில் சொல்லும். நாம அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுறோம்.”

லேட்டாக வருவதெல்லாம் கீழேயிருந்து வந்ததாகவும் ஆகிவிடாதாம். பக்கத்தில் எங்கோ இருக்கிற ஒரு குன்றின் மேல் பட்டுத் திரும்பும் அலையும் அதே நேரத்துக்கு வந்து சேரும். பார்த்தால் கீழேயிருந்து வந்தது போலவே இருக்கும். அவருடைய பாதி வாழ்க்கை அந்தப் பொய்களைக் கழிப்பதில் போயிற்று என்றார். குன்றுகளின் படத்தை வைத்துக்கொண்டு, எந்தக் குன்று எப்போது எதிரொலிக்கும் என்று கணக்கிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். எல்லாவற்றையும் அடித்த பிறகும் ஒன்று மிஞ்சினால் அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். பயப்பட வேண்டும் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்லவில்லை.

செவ்வாயின் தென்துருவத்தில், பனிக்கட்டிக்குக் கீழே வெகு ஆழத்திலிருந்து ஓர் எதிரொலி மற்ற இடங்களைவிடப் பிரகாசமாக வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர், ஏரி என்று உலகமே பேசியது. அவருடைய ஆய்வுக்கூடத்திலும் இனிப்பு கொடுத்தார்களாம். கூட்டத்தில் இவர் எழுந்து, “களிமண்ணாகவும் இருக்கலாம்,” என்றார். குளிர்ந்த களிமண்ணும் அப்படிப் பிரகாசிக்கக்கூடும் என்று கணக்குக் காட்டினார். ஒருவர் சிரித்துக்கொண்டே, “மேடம் வயல்காட்டிலிருந்து வந்தவர், எல்லாவற்றிலும் சேறு தெரிகிறது,” என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, இடுப்பளவு சேத்துல நின்னவதான், அதனாலதான் தெரியுதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் என்னோட சேர்ந்து டீ குடிக்க யாரும் வரல.” பிறகு வேறு நாடுகளில் வேறு சிலரும் களிமண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பார்த்தீர்களா என்று அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. “இன்னும் முடிவாகல சார். தண்ணியாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல,” என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அம்மா இறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செவ்வாயில் செய்ததை இங்கேயும் செய்ய முடியுமா என்று ஒரு நாள் கேட்டேன். முடியாது என்றார். பனிக்கட்டிக்குள்ளும் காய்ந்த மணலுக்குள்ளும் அந்த அலை போகும். ஈரக் களிமண்ணைக் கண்டால் வாசலிலேயே செத்துவிடும். “செவ்வாயில கிலோமீட்டர் கணக்குல உள்ள போன அலை, எங்க ஊரு சேத்துல ஒரு சாண் எறங்காது.” அதனால் இங்கே வேறு வழி பிடித்தார். வானில் சுற்றும் ஒரு ரேடார் செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் அதே பாதையில் வருகிறது. போன முறை தரைக்கு இருந்த தூரமும் இந்த முறை இருக்கிற தூரமும் ஒன்றுதானா என்று மயிரிழை வித்தியாசத்தில் பார்க்கலாம். உள்ளே போக முடியாவிட்டால் என்ன, உள்ளே ஏதாவது கரைந்தால் மேலே இறங்கத்தானே வேண்டும்.

வயலில் அதுவும் எடுபடாது. இன்று தண்ணீர், நாளை நாற்று, பிறகு கதிர், பிறகு தாள் என்று பன்னிரண்டு நாளில் வயல் வேறு ஆளாகிவிடும். அசையாமல் நிற்கிறவைதான் கணக்குக்கு உதவும்: கோபுரம், பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, மதகின் சிமெண்டுச் சுவர். டெல்டா முழுவதும் இப்படிப்பட்ட புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். இறங்குகிற புள்ளி சிவப்பு, நிலையாக நிற்பது பச்சை. ஆழ்குழாய்க் கிணறுகள் நெருங்கிய இடங்களில் அங்கங்கே இளஞ்சிவப்பு. கொள்ளிடத்தின் தென்கரையில் ஓர் இடத்தில் மட்டும் ஐந்து புள்ளிகள் வரிசையாக, இரத்தச் சிவப்பாக நின்றன. மதகு, பள்ளிக்கூடம், தொட்டி, கரையின் மேல் போட்ட சிமெண்டுப் பாதையில் இரண்டு இடங்கள். எந்த ஊர் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் அது.

ஆற்றுப் பக்கம் லாரி லாரியாக மணலை எடுத்து ஆற்றின் அடியைக் குடைந்திருந்தார்கள். ஊர்ப் பக்கம் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கரைக்கு அடியில் ஏதோ ஒரு காலத்தில் ஆறு ஓடிய பழைய மணல் வாய்க்கால் ஒன்று கிடக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. “மேல கரை நிக்குது சார். எதுமேல நிக்குதுங்கறதுதான் தெரியல.”

அந்த நேரத்தில்தான் படுகைக்கு அரசாங்கத்திலிருந்து இருபது தொகுப்பு வீடுகள் வந்திருந்தன. கரையின் காலடியில் இடம். வாங்கிக்கொண்டு வந்தவர் வார்டு உறுப்பினரான செல்வராசு, அதாவது அவருடைய சொந்தத் தம்பி. அடித்தளம் போட்டு முடிந்திருந்த நேரத்தில் அக்கா போய், இந்த இடம் வேண்டாம், அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போங்கள் என்றார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். போட்ட அடித்தளங்களுக்கு நடுவில் ஊர் கூடி நின்றது. அவருடைய சித்தி முறையான ஒரு பெண்மணிதான் முதலில் பேசினார்.

“ஏண்டி நாயகி, கூரை ஒழுகி ஒழுகி, சட்டி பானைய வச்சுட்டு முக்குல குந்தியிருந்தமே, அப்ப ஒன் சாட்டிலைட்டு எங்கடி போச்சு?”

யாரும் சிரிக்கவில்லை. செல்வராசு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “தள்ளிப் போன்னா எங்க போறது? தள்ளி இருக்கறதெல்லாம் யாரு பட்டாவுல இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? இதுக்காக நான் ஏறாத ஆபீஸ் இல்ல. நீ ஒரு பேப்பர காட்டி முடிச்சுட்டுப் போயிடுவ.”

“இடிஞ்சா மொதல்ல போறது ஒன் வீடுதான் செல்வம்.”

“போகட்டும். நான் அங்கதான் இருப்பேன்.”

அந்த இடம் வேண்டாம் என்று தில்லைநாயகி கொடுத்த மனு சுற்றிச் சுற்றி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நேரில் அளந்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவு. ஒரு காலை நேரத்தில் போய், மதகடியில் இருக்கிற மட்டக்கல்லில் கருவியை வைத்து, தொட்டி, பள்ளிக்கூடப் படி, வீடுகளின் அடித்தளம் எல்லாவற்றுக்கும் உயரம் எடுத்தேன். பழைய பதிவேட்டில் இருந்ததற்கும் நான் எடுத்ததற்கும் வித்தியாசமே இல்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ‘மாற்றம் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியை வைத்து வீடுகள் எழும்பின. வாழை கட்டிக் குடிபோனார்கள்.

தில்லைநாயகி அலுவலகத்துக்கு வந்தார். கோபம் இல்லை.

“எந்தக் கல்லுலேருந்து எடுத்தீங்க சார்?”

“மதகு கல்லுலேருந்து.”

“அதும் சேர்ந்துல்ல எறங்குது.” பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். “நீங்களும் நானும் ஒரே படகுல உக்காந்துருக்கோம். படகு முழுவுது. ஒங்க தல என் தலைய விட ஒசரவும் இல்ல, எறங்கவும் இல்ல. அதனால படகு முழுவலன்னு எழுதிட்டீங்க.”

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரிந்தும் மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சர்வீஸில் நான் ஒரு அறிக்கையையும் திரும்பப் பெற்றதில்லை. அந்த மூன்று மாதமும் படம் பன்னிரண்டு நாளுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அவர் அவற்றை எனக்கு அனுப்புவார். கீழே ஒரு வார்த்தைகூட எழுத மாட்டார்.

கடைசியில் விடுப்புப் போட்டுவிட்டு நானே அவரைத் தேடிப் போனேன். இறங்காத இடத்திலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம் செம்புறாங்கல் மேடு. அது அசையாது. அங்கிருந்து கொள்ளிடம்வரை அடி அடியாக மட்டம் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். கருவி என்னிடம். கோடு போட்ட நெட்டைக் கோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர். செவ்வாயைப் படித்த கை அது. பதினோரு நாள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகத் தாண்டினோம். இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் நிறுத்திக் கேட்பார்கள்: “ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா மேடம்?” அவர், “இல்லங்க, ஊரு எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு பாக்கறோம்,” என்பார். திருவையாற்றில் ஒருவர், “ஒசரமாத்தானே இருக்கு?” என்று கேட்டார். அவர் கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பதினோராம் நாள் மதகு கல்லை எட்டினோம். கல்லில் பொறித்திருந்த உயரத்துக்கும் வல்லத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த உயரத்துக்கும் நாலு விரற்கடை இடைவெளி. அவ்வளவும் கல் இறங்கியிருந்தது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். நான் சொன்னேனே என்று ஒரு பார்வையாவது எதிர்பார்த்தேன். அவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து, “வேற எங்கயாவது தப்பு நடந்திருக்குமா சார்? நான் கோல சாய்ச்சுப் பிடிச்சிருந்தா?” என்று கேட்டார். தப்பு இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியது அவர் முகத்தில் தெரிந்தது. திரும்பவும் வல்லம்வரை அளந்துகொண்டே போனோம். தப்பு இல்லை.

என் அறிக்கையைத் திரும்பப் பெற்று வேறு அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கைக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. இரண்டாவது அறிக்கைக்குப் பதிலே வரவில்லை.

போன வருடம் மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது கரையின் மறுபக்கம் ஆறு மண் நிறத்தில், கரையின் விளிம்புக்கு மூன்று முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பள்ளிக்கூட முற்றத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஆள் அப்போதே மெலிந்திருந்தார். நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

“எங்கப்பா சொல்லும் சார். கரைக்கு இந்தாண்ட தெளிஞ்ச தண்ணி ஊறுனா பயமில்ல. கலங்கல் வந்தா, ஆறு கரைய அடியில தின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.” உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். நடுவில் மணல் தங்கியிருந்தது.

ஊரைக் காலி செய்யச் சொன்னார். பாதிப் பேர் ஏசினார்கள், பாதிப் பேர் மேட்டிலிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். செல்வராசு நாலு ஆட்களோடு மணல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊற்றின் வாயில் போடப் போனார். அக்கா போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

“அடைக்காத செல்வம்! அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும். சுத்தி அடுக்கு. கிணத்து உறை மாதிரி சுத்தி அடுக்கு. தண்ணி உள்ளயே ஏறட்டும்.”

ஒரு வருடமாக அக்காவிடம் பேசாதவர் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு சொன்னபடியே அடுக்கினார். வட்டத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. ஏற ஏறக் கொப்பளிப்பு தணிந்தது. பதினோரு மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டரைக்கு ஒரு முறை அவர் உள்ளே கைவிட்டு அள்ளிப் பார்த்தார். இரண்டாவது முறை தண்ணீர் தெளிந்திருந்தது. அன்று சாயங்காலம் ஆறு ஒரு முழம் வடிந்தது.

கரை உடையவில்லை. மறுநாள் கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பிய ஊர், சும்மா கிடந்ததற்கு இவ்வளவு கலவரமா என்று அவரைக் கேட்டது. “செவ்வாய்க்கெழம ஜோசியம்,” என்று ஒருவர் பேர் வைத்தார். அது கொஞ்ச நாள் ஓடியது. மூட்டைகளை அடுக்கியவருக்கு உண்மை தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு செல்வராசு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட முற்றத்தில் குத்திப் பார்த்திருக்கிறார். இரண்டு குத்தில் கடப்பாரை கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. அதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இருபது வீடும் அவர் கொண்டுவந்தது. எப்படிச் சொல்வார்? அக்காவிடம் மட்டும் வந்து சொன்னார். அன்றிலிருந்து இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

கார்த்திகையில் வயிற்றுவலி என்றார். தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு என் மனைவியும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். என் மனைவி உள்ளே அவருடன் இருந்தாள். வயிற்றின் மேல் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டாராம். இவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஈரல்ல ஒண்ணு இல்ல டாக்டர், மூணு இருக்கு. வலது பக்கம் இருக்கற ஒண்ணுக்குக் கீழ என்னன்னு இன்னொரு தடவ பாருங்க,” என்றாராம். டாக்டர் கையை எடுத்துவிட்டு, நீங்கள் டாக்டரா என்று கேட்டிருக்கிறார். “இல்லம்மா. எதிரொலி படிக்கறவ,” என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்து என்னிடம், “லேட்டாத்தான் தெரிஞ்சிருக்கு,” என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் மாம்பழம் கிடைக்குமா என்று கேட்டார். அது மாம்பழக் காலம் இல்லை.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். உங்களில் பலர் மருத்துவமனையில் பார்த்தீர்கள். தலைமுடி உதிர்ந்த பிறகும் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். எந்தப் புள்ளியைக் கவனிக்க வேண்டும், எது பொய், எது நிஜம் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்தாக இருந்த சிவப்புப் புள்ளி ஏழாகியிருந்தது.

கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்வராசு அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் பேச்சுக்கு, “நீங்க சொன்னது பலிச்சுடும் போலருக்கு மேடம்,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து உட்கார முயன்றார்.

“பலிக்கக் கூடாது சார். நான் சொன்னது தப்பாப் போனா மொதல்ல சந்தோஷப்படறவ நான்தான். செவ்வாயில தப்பாப் போனா எனக்கு வருத்தம். இங்க தப்பாப் போகணும். தெனம் அதத்தான் வேண்டிக்கறேன்.”

அவருக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடம் வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் படுகையில் கூடி உட்கார்ந்திருந்தபோது, செல்வராசு எழுந்து நின்று கடப்பாரை விஷயத்தை ஊருக்குச் சொன்னார். “எங்க அக்கா போன வருஷம் சொன்னது நெசம். எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம இருந்தது நான்தான். வீடு போனாப் போகட்டும், ஆளு போகக் கூடாது,” என்றார். அந்தச் சித்தி வாய்விட்டு அழுதார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று இரண்டு பேர் செல்வராசுவின் மேல் பாய்ந்தார்கள். மறுநாளிலிருந்து ஆறு குடும்பங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. அந்த ஆறில் ஒருவராகச் செல்வராசுவும் தன் வீட்டைக் காலி செய்துவிட்டார், ஆனால் பகலெல்லாம் கரையில்தான் நடக்கிறார். பதினாலு வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். போவதற்கு அவர்களுக்கு இடம் இல்லை. இடம் கேட்டு நானும் செல்வராசுவும் எழுதிய மனு மூன்று அலுவலகங்களில் இருக்கிறது. நான் இதை எழுதும்போது ஆறு கரைக்கு நாலு முழம் கீழே ஓடுகிறது. மேற்கே மழை விடவில்லை என்கிறார்கள்.

தில்லைநாயகி இறந்து நாலாம் நாள் செயற்கைக்கோள் வந்துபோனது. அவர் சொல்லிக்கொடுத்தபடி படத்தை இறக்கி, முந்தைய படத்தோடு ஒட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன், வல்லத்தைப் பார்த்தேன், அவர் எழுதிவைத்த பொய்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். இரண்டு மணி நேரம் எங்காவது என் கணக்கில் தப்பு இருக்காதா என்று தேடினேன். தப்பு இல்லை; ஏழு புள்ளிகளும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தன. அவருடைய படிப்பு எனக்கு வராது. அவருடைய பொறுமையும் வராது. தான் சொன்னது தப்பாகிவிட வேண்டும் என்ற அவருடைய ஆசை ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் வாங்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அது நிறைவேறும் என்ற நம்பிக்கை கொஞ்சம் குறைகிறது.